பிள்ளை கேட்கும்போது தகப்பன் எங்கே?

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில், குடும்ப ஞாயிறு மாலை ஆராதனையில் தகப்பன்மாருக்கென்று கொடுக்கப்பட்ட செய்தி. ஊழியத்தைத் தாங்கும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று மாலை தகப்பன்மாரோடு பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தாய்மாரும் திரளாக வந்திருக்கிறீர்கள்; சந்தோஷம். உங்கள் வீட்டு ஐயா வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கத்தான் சிலர் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

யாத்திராகமம் 12-ம் அதிகாரத்தில் பஸ்காவைக் குறித்துக் கட்டளை கொடுக்கும்போது, இந்த ஆராதனை என்னத்திற்கு என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும் நாள் வரும், அப்பொழுது இன்னின்னபடி பதில் சொல்லுங்கள் என்று மோசே சொல்லுகிறான். யோசுவா 4-ம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கிறார்கள். அங்கேயும் அதே பேச்சு: பின்நாட்களில் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏன் என்று கேட்பார்கள், தகப்பன் பதில் சொல்லவேண்டும். கவனித்தீர்களா? தகப்பன் பாடத்தை ஆரம்பிப்பதாக இங்கே எழுதப்படவில்லை. பிள்ளை ஆரம்பிக்கிறது. வீட்டில் இரத்தம் பூசிய நிலைக்கால் இருக்கிறது, ஆற்றங்கரையில் கற்குவியல் இருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக் கேட்கிறது. பிள்ளைகள் கண்ணால் கண்டதைப் பற்றித்தான் கேட்பார்கள். காணாததைப் பற்றி எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

ஈசாக்கை நினைத்துப் பாருங்கள். மோரியாவுக்குப் போகிற வழியில் அவன் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டியைக் காணோமே என்கிறான். அந்தக் கேள்வியின் துயரத்தைப் பற்றி அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். பலிக்கு என்னென்ன வேண்டும், எது குறைகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? தகப்பன் பலிபீடம் கட்டியதை அவன் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கவேண்டும். பார்த்துப் பழகியவன்தான் குறையைக் கண்டுபிடிப்பான்.

நம் பிள்ளைகள் நம்மிடத்தில் எதைப் பார்க்கிறார்கள்? அதிகாலையில் அவசரமாகப் புறப்படுகிற தகப்பனைப் பார்க்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வந்து, சாப்பிட்டு, கைப்பேசியைக் கையில் வைத்தபடி நாற்காலியிலேயே தூங்குகிற தகப்பனைப் பார்க்கிறார்கள். குடும்ப ஜெபம் உண்டு, அம்மா நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் உண்டு. ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை வேதாகமப் பள்ளி உண்டு. சம்பளம் கொண்டுவருவது தகப்பனுடைய பங்கு, ஆவிக்குரிய காரியம் மற்றவர்கள் பங்கு என்று பாகம் பிரித்துவிட்டோம். குருசேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் மட்டும் ஆண்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். நம் வீட்டுப் படியில் அந்த வேகம் இருப்பதில்லை.

"ஐயா, எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாதே, நான் எப்படிக் கற்றுக்கொடுப்பேன்?" என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். இந்தச் சங்கடம் புதிதல்ல. 1528-ம் ஆண்டுவாக்கில் மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சந்திக்கப் போனார். ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளைகளும் கூடத் தெரியாததைக் கண்டு மிகவும் மனம் நொந்தார். மறு ஆண்டே, 1529-ல், சிறிய ஞானோபதேச நூலை வெளியிட்டார். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்கவேண்டிய விதம் என்ற கருத்தை எழுதி வைத்தார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழில் பெயர்த்த நூல்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அந்த நூல் திடப்படுத்தல் வகுப்புக்குரிய புத்தகமாகிவிட்டது. உபதேசியார் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அந்தத் தகப்பன் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

அறிவு குறைவாயிருந்தும் வீட்டை நடத்தின இரண்டு தகப்பன்மாரை உங்களுக்குக் காண்பிக்க விரும்புகிறேன். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். மற்றவர் நம்முடைய கொல்லிமலையில் வாழ்ந்து, அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டவர்.

பசிபிக் சமுத்திரத்தில் நியூ ஹெப்ரிடிஸ் என்று அன்று அழைக்கப்பட்ட தீவுகளில், இன்றைய வனுவாட்டு நாட்டில், மிஷனெரியாக ஊழியம் செய்த ஜான் பேட்டனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1824-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஜேம்ஸ் பேட்டன் காலுறை நெய்கிற தொழிலாளி. டார்தார்வல்ட் என்ற சிறு கிராமத்தில் அவர்களுக்கு ஒரு வீடு. ஒரு பக்கம் சமையலும் சாப்பாடும். மறு பக்கம் தறிகள். நடுவில், ஒரு கட்டிலும் சிறு மேசையும் போடத்தக்க மிகச் சிறிய அறை ஒன்று. பிள்ளைகள் பதினொரு பேர். அந்த நெருக்கத்தில் ஒவ்வொரு வேளையும் சாப்பாடு முடிந்ததும் தகப்பன் அந்தச் சிறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அவர் தங்களுக்காகத்தான் ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். சில வேளைகளில் நடுங்குகிற குரல் வெளியே கேட்கும். அப்போது பிள்ளைகள் சத்தமில்லாமல், நுனிக்காலால் நடந்து அந்தக் கதவைக் கடந்து போவார்களாம். வெளியே வரும்போது தகப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று வெளியார்தான் ஆச்சரியப்படுவார்கள், எங்களுக்குத் தெரியும் என்கிற கருத்தில் மகன் தன் வயதான காலத்தில் எழுதிவைத்தார்.

காலையும் மாலையும் குடும்ப ஜெபம் அந்த வீட்டில் நின்றதே இல்லை. சந்தைக்குப் போகிற அவசரம், விருந்தாளி, துக்கம், எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் மகன் மனதில் அதிகமாகப் பதிந்தது அந்தச் சாத்திய கதவுதான் என்று அவர் எழுதியதைப் படிக்கிற எவருக்கும் தெரியும். கிளாஸ்கோ பட்டணத்துக்கு வேலைக்கும் படிப்புக்குமாக அவர் கால்நடையாகப் புறப்பட்டபோது, தகப்பன் முதல் ஆறு மைல் கூட நடந்தார். கடைசி அரை மைல் இருவரும் பேசவில்லை. தகப்பன் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. என்ன ஜெபம் என்று மகனுக்கு விளக்கவேண்டியதாயிருக்கவில்லை. எத்தனையோ வருஷம் கதவுக்கு வெளியே நின்று கேட்ட ஜெபம் அல்லவா அது?

நம் மருத்துவமனை வார்டுகளில் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கிறோம். தகப்பன் படுக்கையில் இருக்கிறார். வியாதி முற்றிவிட்டது. பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயது மகன். நல்ல மகன், இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறான், கடன் வாங்கிச் செலவு செய்கிறான். "ஜெபிக்கலாமா?" என்று கேட்டால் அவன் மெதுவாக வராந்தாவுக்கு எழுந்து போய்விடுகிறான். அவிசுவாசம் அல்ல, கூச்சம். தகப்பனும் தானும் சேர்ந்து கண்களை மூடின ஒரு நாளும் அவன் நினைவில் இல்லை. அந்த நேரத்தில் தகப்பனுக்கு மகனிடம் சொல்லவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. மூக்கிலே குழாய், பேச்சு வருவதில்லை. இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம்.

டாக்டர் பால் பிராண்டு என்ற பெயரை இந்த நாட்டின் மிஷன் மருத்துவமனைகளில் அறியாதவர்கள் இல்லை. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மறுபடியும் வேலை செய்ய வைத்தவர். அந்நோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போவதால்தான் காயம் பட்டுப் பட்டு அழிகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர். 2003-ல் காலமானார். அவர் 1914-ல் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, இந்தியாவில்; வளர்ந்தது இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையில். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்டு, தாயார் ஈவ்லின்.

ஜெஸ்ஸி பிராண்டு பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. கட்டட வேலை தெரிந்தவர். இந்தியாவுக்கு வருமுன் மிஷனெரிகளுக்கான கல்லூரி ஒன்றில் ஓராண்டு மருத்துவம் படித்தார், அவ்வளவுதான். 1913-ல் திருமணம் முடிந்து மணமக்கள் இருவரும் மலையேறினார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பஸ் போகிறது. அன்று ரோடு கிடையாது. நடந்துதான் ஏறவேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிச் செல்வார்கள். மலை முழுவதும் மலேரியா. அங்கே அவர் பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறிவிட்டார், பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பிரசங்கம் பண்ணினார். ஒரு மலை முழுவதற்கும் ஓடுகிற இப்படிப்பட்ட மனிதனுக்கு வீட்டுக்கு நேரம் எங்கே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம்.

அவர் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் தேடவில்லை. போகிற இடத்துக்கு மகனையும் மகள் கோனியையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கறையான் புற்றைக் கண்டால் நின்று காட்டுவார். சிலந்தி வலை பின்னுவதைப் பார்க்கவைப்பார். பறவை, செடி, பூச்சி, எல்லாவற்றிலும் சிருஷ்டிகருடைய கைவேலையைக் காட்டுவார். உபாகமம் 6-ம் அதிகாரம் 7-ம் வசனத்தில் பிள்ளைகளுக்குப் போதிக்க நான்கு சமயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: வீட்டில் இருக்கையில், வழியில் போகையில், படுக்கப் போகையில், எழுந்திருக்கையில். ஆலயத்தில் என்று அங்கே இல்லை. ஜெஸ்ஸி பிராண்டு இந்த இரண்டாவது சமயத்தை மிக நன்றாகப் பயன்படுத்தினார் என்று சொல்லலாம். மகன் பிற்காலத்தில் மனித சரீரத்தின் அமைப்பிலிருந்து தேவனுடைய ஞானத்தை விளக்கி எழுதின புத்தகங்களைப் படித்தவர்கள், அந்த மலைப்பாதை நடையின் தொடர்ச்சிதான் அது என்று உடனே கண்டுகொள்வார்கள்.

நல்லதை மட்டும் அந்தப் பிள்ளைகள் பார்க்கவில்லை. ஒரு நாள் தொழுநோயாளிகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். மகன் மறைந்திருந்து பார்த்தான். தகப்பன் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்களுக்கு மருந்திட்டார். எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொடுகிற அப்பா அன்று கையுறை போட்டது சிறுவனுக்கு வித்தியாசமாகத் தோன்றியது. அந்நாளில் அந்நோய்க்கு நல்ல மருந்து இல்லை, பயம் இருந்தது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முழுவதும் குணமாகக் கூடிய வியாதி. எனக்குத் தோன்றுவது இதுதான்: தகப்பனுடைய பயத்தையும் பிள்ளை பார்த்தது, பயத்தோடேயே அவர் அவர்களைத் திருப்பி அனுப்பாமல் மருந்திட்டதையும் பார்த்தது. இரண்டையும் மறைக்காத வீடு அது.

இன்னொன்று. அந்த மலையில் அவர்களுடைய ஊழியத்தைக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு பூசாரி. ஜனங்கள் இவர்களிடம் வராதபடி தடுத்துவந்தார். அவர் காய்ச்சலில் விழுந்து சாகும் தறுவாயில் இருந்தபோது, பிராண்டு தம்பதியர் போய்ப் பணிவிடை செய்தார்கள். அவர் தம் பெண் குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். குழந்தை அந்த வீட்டில் வளர்ந்தது. சத்துருவைச் சிநேகிக்கவேண்டும் என்ற பாடத்தை நாம் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக் கொடுக்கிறோம். பாலுக்கும் கோனிக்கும் அது வீட்டுக்குள் வந்த ஒரு குழந்தை. 1918-ல் உலகத்தை வாட்டின விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அப்போது தாயும் தகப்பனும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். மகனுக்கு அப்போது நான்கு வயது.

பால் பிராண்டுக்கு ஒன்பது வயதானபோது, 1923-ல், குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் படிப்புக்காக லண்டனில் தாயாரின் சகோதரிகள் வீட்டில் விடப்பட்டார்கள். அந்தக் காலத்து மிஷனெரிகள் அநேகர் அப்படித்தான் செய்தார்கள். இதை உங்களுக்கு முன்மாதிரியாக வைக்க எனக்கு மனமில்லை. ஆறு வயதுப் பெண்பிள்ளையையும் ஒன்பது வயதுப் பையனையும் விட்டுக் கப்பலேறுவது ஊழியத்தின் பேரில் நடந்தாலும் பெரிய விலைதான். அதைக் கொடுத்தது பிள்ளைகளுமல்லவா? ஆனால் தகப்பன் தன் வகுப்பை நிறுத்தவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். ஒழுங்காகக் கடிதம் எழுதினார். மலையில் என்ன பூ பூத்தது, எந்த மிருகத்தைக் கண்டார், எந்தக் கிராமத்துக்குக் குதிரையில் போனார், யார் சுகமானார்கள், யார் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எழுதுவார்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு மலேரியாவோடு வரும் பிளாக்வாட்டர் காய்ச்சலால் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. மறு வருஷம் விடுப்பில் இங்கிலாந்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதாக இருந்தது. மரணச் செய்தி தந்தியில் வந்தது. தந்தி விரைவாக வந்துவிடும். கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் வரும். ஆகையால் அப்பா இறந்துவிட்டார் என்று அறிந்த பிறகும் அப்பாவுடைய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயது நிறையாத பையன். அந்தக் கடைசிக் கடிதங்களில் ஒன்றில், மலையுச்சியில் தனியாகக் குதிரைமேல் போனபோது கண்ட மண்ணையும் பாறையையும் உதிர்ந்த இலைகளையும் தகப்பன் வர்ணித்திருந்தார். அவற்றை அனுபவிக்கத் தாவர சாஸ்திரமோ விலங்கு சாஸ்திரமோ படித்திருக்கவேண்டியதில்லை. பார்த்து, ஞாபகம் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இப்படிப்பட்ட பூமியில் நம்மை வைத்த தேவனை நன்றியோடு தொழுதுகொண்டிருந்தால் போதும் என்று மகனுக்குச் சொல்லியிருந்தார்.

இது தன் கடைசிப் போதனை என்று தெரிந்து எழுதினதல்ல. சாதாரணமான ஒரு வாரக் கடிதம். மகனோ அதை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. நோயாளிகளின் இரத்தத்தையும் சீழையும் சிறுவயதில் கண்டு வெறுத்தவர் அவர். டாக்டர் படிப்பே வேண்டாம் என்று, தகப்பனைப்போலக் கட்டட வேலை கற்றார். சில வருஷம் கல்லும் மரமும்தான். பின்புதான் மருத்துவத்துக்கு வந்து, 1946-ல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே கை குணமான நோயாளிகளுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று மண் சுவர்க் குடிசைகள் அமைத்து, தச்சு வேலை சொல்லிக்கொடுத்தபோது, அப்பா கொல்லிமலையில் செய்ததை மகன் வேலூரில் செய்தார். தாயார் ஈவ்லினைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேசவேண்டும். முதிர்வயதிலும் மலைகளை விடாமல், தொண்ணூற்றைந்து வயதில், 1974-ல் ஓடி முடித்தார்கள்.

இதைக் கேட்கும்போது வெளிநாட்டில் வேலை செய்யும் தகப்பன்மாரின் குடும்பங்கள் இங்கே இருப்பதை நினைக்கிறேன். துபாயிலும் குவைத்திலும் இருக்கிற சகோதரர்கள், இராணுவத்தில் இருப்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டில் இருக்கிற தகப்பன் என்ன கற்பிக்கமுடியும்? ஜெஸ்ஸி பிராண்டுக்குக் கப்பல் தபால் இருந்தது. உங்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. தினமும் பேசுகிறீர்கள், மார்க் எவ்வளவு, ஃபீஸ் கட்டியாயிற்றா, சாப்பிட்டாயா என்று மூன்று கேள்வியோடு பேச்சு முடிகிறது. அதோடு இன்னும் இரண்டு நிமிஷம் பேசுங்கள். இன்றைக்கு வேலைத்தளத்தில் என்ன நடந்தது, எந்த இடத்தில் கர்த்தர் காப்பாற்றினார், யாரைப் பார்த்து மனம் இளகிற்று என்று சொல்லுங்கள். உங்களுடைய நாள் எப்படிப்பட்டது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்து, அதைக் குரல்பதிவாக அனுப்புங்கள். எத்தனையோ வீண் காரியங்கள் அதில் அனுப்பப்படுகின்றன.

உள்ளூரில் இருந்துகொண்டே தூரமாயிருக்கிற தகப்பன்மாரும் உண்டு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. ஏலி என்ற ஆசாரியனின் சரித்திரத்தைப் படித்தால் அந்தப் பழமொழியை அவ்வளவாக நம்பமுடியவில்லை. அன்னாளின் மகனை அவன் அருமையாக வளர்த்தான். நடு இராத்திரியில் அழைப்பது கர்த்தர் என்று கண்டுகொண்டு, எப்படிப் பதில் சொல்லவேண்டுமென்று சாமுவேலுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். நல்ல ஆசிரியன். அவனுடைய சொந்தக் குமாரர் இருவரோ அதே ஆலயத்தில் துன்மார்க்கராய் வளர்ந்தார்கள். காலம் கடந்த பிறகு அவன் அவர்களைக் கண்டித்துப் பேசினான். அடக்கவில்லை என்று 1 சாமுவேல் 3-ம் அதிகாரம் சொல்லுகிறது. சபை ஊழியத்திலும் நற்பணிகளிலும் ஈடுபட்டிருக்கிற நம்மைப் போன்றவர்கள் படிக்கவேண்டிய அதிகாரம் அது. தாவீதைப் பற்றியும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. நீ இப்படிச் செய்வானேன் என்று அதோனியாவிடம் அவன் ஒருநாளும் கேட்டு அவன் மனதை வருத்தவில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் பார்க்கிறோம். எத்தனையோ சங்கீதங்கள் பாடின தகப்பன், மகனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. சிலர் வீட்டில் கேள்விக்குப் பஞ்சமில்லை, பெல்ட்டுக்கும் பஞ்சமில்லை. பரிசுத்த பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதும்போது, பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனமடிவாக்காதபடி தகப்பன்மாரைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறார். தாய்மாருக்கு அந்த எச்சரிப்பை எழுதவில்லை. காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். மாலையில் குடித்துவிட்டு வந்தோ, குடிக்காமலே வெறிபிடித்தவனைப்போலவோ அம்மாவைத் திட்டுகிற தகப்பன், இரவில் வேதத்தைத் திறந்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அவன் திறக்காமலிருப்பதே நலம் என்று சொல்லமாட்டேன். திறப்பதற்கு முன் அம்மாவிடம் பிள்ளைகள் முன்பாக மன்னிப்புக் கேட்கட்டும். அந்த ஒரு இரவு, ஒரு வருஷத்து ஓய்வுநாள் பாடசாலைக்குச் சமம்.

தகப்பன் இல்லாத வீட்டுத் தாய்மார் இங்கே கலங்கவேண்டாம். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று மட்டும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் தான் அந்த வீட்டில் கற்பித்தார்கள். பிள்ளையில்லாத சகோதரர்களும் சோர்ந்துபோகவேண்டாம். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் திருமணமே செய்யவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவனாக அழைத்துவந்து அவர் வளர்த்தவர்தான் நம் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய பாடல்கள் இல்லாமல் இன்றும் நம் ஆராதனை நடப்பதில்லை.

கடைசியாக, காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அநேகர் இந்த ஊழியத்தையும் வேறு ஊழியங்களையும் தாங்குகிறவர்கள். முன்பு நம் கிராமத்து வீடுகளில் அடுப்பங்கரையில் ஒரு கலயம் இருக்கும். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி அதில் விழும். அம்மா ஏன் அரிசியை வேறு பானையில் போடுகிறாள் என்று பிள்ளை கேட்கும். கர்த்தருக்கு என்று பதில் வரும். பஸ்காவைப் பற்றி மோசே சொன்னது அப்படியே நடந்தது. இன்று நீங்கள் பணத்தை வங்கி வழியாக அனுப்புகிறீர்கள். கைப்பேசியில் இரண்டு தட்டு, முடிந்தது. வேலை சுலபம்தான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கிறவர் என்பதே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கரண்ட் பில் கட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தமுறை அனுப்பும்போது பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது இன்ன நோயாளிகளுக்கு, இந்த மாதம் இதற்காக நாம் இன்னதை வாங்காமல் விட்டோம் என்று சொல்லுங்கள். ஏன் வாங்கவில்லை என்று அது கேட்கும். கொஞ்சம் சண்டையும் போடும். போடட்டும்.

குடும்ப ஜெபத்தை எப்படி ஆரம்பிப்பது என்று திகைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இன்று இரவே மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம், முதல் பதினைந்து வசனங்களை எடுங்கள். நீங்களே வாசியுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் வேதம் கடினமாயிருந்தால் அது தன் வேதத்தில் பார்த்துக்கொண்டு வரட்டும். பிரசங்கம் பண்ணவேண்டாம். பத்து நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு நீண்ட ஜெபம் தண்டனை. ஒரு கேள்வி வந்தால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், போதகரைக் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நாளைக்கு மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள்; பிள்ளை அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். நம்முடைய போதகர்களுக்கும் அதனால் வேலை கிடைக்கும்.

இப்போது எழுந்து நிற்போம். மேல்மாடி வார்டில் படுத்திருக்கிற தகப்பன்மாருக்காக முதலாவது ஜெபிப்போம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்போம். பிறகு, தூரதேசங்களில் வேலை செய்கிறவர்களுக்காக. அதன்பின் ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்கும்படியாகவே ஜெபியுங்கள்.